தெய்வமாகப் போனவளைத் திரும்ப இழுத்தல்: ‘மடோகா மாஜிகா – ரெபெல்லியன்’ படத்தை முன்வைத்து

எங்க வீட்டு உள்ளறையில், தானியக் குலுக்கை இருந்த மூலையில், உத்தரத்திலிருந்து ஒரு ஓலைப்பெட்டி தொங்கும். வருஷத்துக்கு ஒருநாள், பொங்கலுக்கு மறுநாள் ராத்திரி, ஆச்சி அதை இறக்குவாள். உள்ளே ஒரு பாவாடை சட்டை, ரிப்பன், கண்ணாடி வளையல், சாந்துப் பொட்டு, சீப்பு, கையகல முகக்கண்ணாடி. போன வருஷத்துப் பாவாடையை எடுத்துச் சொந்தத்தில் யாராவது சின்னப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுப் புதுசை மடித்து வைப்பார்கள். சாம்பிராணிப் புகையில் எல்லாரும் வரிசையாக விழுந்து கும்பிடுவோம். அது எங்க வீட்டுக் கன்னி. அப்பாவின் அக்கா, எனக்குச் சின்னத்தை. 13 வயதில் செத்துப்போனவள்.

தென்மாவட்டக்காரர்களுக்கு இதில் புதுசு ஒன்றுமில்லை. கல்யாணமாகாமல் இறந்த பெண்பிள்ளை அந்த வீட்டைக் காக்கும் தெய்வமாகிவிடுவாள். ஊருக்கு ஏழு கன்னிமார் என்றால் வீட்டுக்கு ஒரு கன்னி. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்தப் பெட்டியை மேலே பார்த்தபடியேதான் தூங்கியிருக்கிறேன், பயமெல்லாம் கிடையாது.

ஜப்பானிய அனிமே படம் ஒன்றைப் பற்றி எழுத உட்கார்ந்தவன் ஏன் பொங்கலில் ஆரம்பிக்கிறேன் என்றால், அந்தப் படம் எனக்குப் புரிந்தது இந்தப் பெட்டி வழியாகத்தான். பெட்டியைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தது அந்தப் படத்தால். எது முந்தி என்று எனக்கே இப்போது தெளிவில்லை. கதை முடிவெல்லாம் கீழே வரும்; பாக்காதவங்க பாத்துட்டு வாங்க, கட்டுரை எங்கேயும் போகாது.

முதலில் தொடர். 2011 ஜனவரியில் ஜப்பானியத் தொலைக்காட்சியில் தொடங்கிய 12 அத்தியாயங்கள். ஷாஃப்ட் நிறுவனத் தயாரிப்பு, அகியுகி ஷின்போ இயக்கம், கென் உரோபுச்சி எழுத்து. மந்திரச் சிறுமி கதை என்பது அங்கே ஒரு பழைய வகை. 1966-ல் ‘சாலி’ என்ற சூனியக்காரச் சிறுமியில் தொடங்கி 1992-ன் ‘செய்லர் மூன்’ வழியாக வளர்ந்தது. பள்ளிக்கூடம் போகிற பெண், பேசும் குட்டி மிருகம், மினுங்கும் நகை, சுழன்று உடை மாறுதல், உலகத்தைக் காப்பாற்றுதல். நம்மூர்ப் பிள்ளைகளும் டப்பிங்கில் பார்த்து வளர்ந்த சங்கதிதான். மடோகா இதை எல்லாம் அப்படியே வைத்துக்கொள்கிறது. உமே அவோகி வரைந்த வட்ட முகங்கள், மாவு உருண்டை மாதிரிக் கன்னங்கள். மூன்றாவது அத்தியாயத்தில் மாமி என்ற பெண்ணின் தலையைப் பூதம் கடித்துத் தின்றுவிடுகிறது. (பெயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், ஜப்பானில் மாமி பதினைந்து வயதுப் பெண்ணுக்கு வைக்கும் பெயர்.)

அதற்கப்புறம் விதிகள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. க்யூபே என்ற வெள்ளைப் பிராணி ஒரே ஒரு ஆசையை நிறைவேற்றித் தரும். பதிலுக்கு அந்தப் பெண் மந்திரச் சிறுமியாகி, சாபத்தில் பிறந்த சூனியக்காரிகளோடு சண்டை போட வேண்டும். ஒப்பந்தம் முடிந்த கணத்தில் உயிர் உடம்பை விட்டு ஒரு கல்லுக்குள் போய்விடுகிறது. கல்லை நூறு மீட்டருக்கு அப்பால் கொண்டுபோனால் உடம்பு பிணம். மனக்கசப்பு ஏற ஏறக் கல் கறுக்கும். முழுக்கக் கறுத்தால் அந்தப் பெண்ணே சூனியக்காரி. அந்த மாற்றத்தில் வெளிப்படும் சக்திதான் க்யூபே கூட்டத்துக்கு வேண்டியது, பிரபஞ்சம் அணைந்துபோகாமல் இருக்க. ஏன் முன்கூட்டியே சொல்லவில்லை என்று கேட்டால் அது சாந்தமாகச் சொல்கிறது: நீங்கள் கேட்கவில்லையே.

இந்த இடத்தில் மேற்கத்திய விமர்சகர்கள் ஃபாவுஸ்டைக் கொண்டுவருவார்கள். தொடரிலேயே அதற்கான குறிப்புகள் நிறைய இருக்கின்றன, தப்பில்லை. ஆனால் வேம்பார்க்காரனுக்குச் சாத்தானிடம் போக வேண்டிய அவசியமே இல்லை.

எங்க கடற்கரையில் மந்திரத்துக்கு எப்பவுமே கூலி இருந்தது. வேம்பார் பழைய முத்துக்குளித்துறைகளில் ஒன்று. சுறாவின் வாயைக் கட்டுகிறவருக்குக் கடல்கட்டி என்று பெயர். அவர் மந்திரம் சொல்லாமல் ஆட்கள் தண்ணீரில் குதிக்க மாட்டார்கள். 13-ஆம் நூற்றாண்டில் இந்தப் பக்கம் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, சுறா கட்டுகிறவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு என்று கணக்கே கொடுத்திருக்கிறார். ராத்திரியில் மந்திரத்தை அவிழ்த்துவிடுவார்களாம், திருட்டுத்தனமாக யாரும் குளிக்கக்கூடாது என்று. சட்டப்படியான உழைப்புக்கு மட்டும் செல்லுபடியாகும் பாதுகாப்பு! க்யூபே கேட்டால் சந்தோஷப்படும். தூத்துக்குடிப் பக்கம் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றது.

எங்க குடும்பம் கடலில் இறங்கியதில்லை. பனை. வேம்பார் என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் கருப்பட்டிதான் ஞாபகம் வரும், அந்தக் கருப்பட்டி. தாத்தா பனையேறி. காலையில் இறக்கிய பதநீரை விடிலியில் காய்ச்சுவது வீட்டுப் பெண்கள் வேலை. ஓலைக் கூரைக்குக் கீழே, அடுப்புப் புகையில், பொங்காமல் கிண்டி, பதம் பார்த்து, சிரட்டையில் ஊற்றி எடுக்க வேண்டும். ஒருநாள் விட்டால் அன்றைய பதநீர் புளித்துப்போகும், பனையும் யாருக்காகவும் காத்திருக்காது. பருவம் தொடங்குமுன்பே வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருப்பார்கள். அதனால் கருப்பட்டி அவருக்கே, அவர் சொன்ன விலைக்கே. அந்த வருஷம் தாத்தாவின் தங்கச்சி கல்யாணத்துக்காகக் கொஞ்சம் கூடுதலாகவே வாங்கியிருந்தார். அது ஒரு நியாயமான ஆசைதான். சயாகா தன் சிநேகிதனின் கை குணமாக வேண்டும் என்று கேட்டாளே, அது மாதிரி, தப்பே சொல்ல முடியாத ஆசை.

1981, வைகாசி. சின்னத்தைக்குக் காய்ச்சல். எட்டாம் வகுப்போடு நிறுத்தி அவளை விடிலிக்கு அனுப்பி ஒரு வருஷம். “இன்னிக்கி ஒருநாள் பாத்துக்க மக்கா” என்று ஆச்சி சொல்லியிருக்கிறாள். மறுநாளும் அதையே சொல்லியிருக்கிறாள். மூன்றாம் நாள் அடுப்படியிலேயே சரிந்தவளை வண்டி கட்டித் தூக்கிப் போகும்போது வழியிலேயே முடிந்துவிட்டது. நாற்பத்தொன்றாம் நாள் ஆச்சி கனவில் அவள் வந்து, நான் உங்களை விட்டுப் போகமாட்டேன், எனக்கு ஒரு பாவாடை எடுத்து வையுங்க என்று கேட்டாளாம். பெட்டி அன்று ஏறியதுதான்.

மடோகா தொடரின் கடைசி அத்தியாயத்தில் மடோகாவும் இப்படித்தான் ஏறுகிறாள். எல்லா உலகங்களிலும் எல்லாக் காலங்களிலும் சூனியக்காரிகள் பிறக்கும் முன்பே அவர்களை நான் என் கையால் அழிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அந்த ஆசை அவளை மனுஷியாக விட்டுவைக்காது. அவள் ஒரு விதியாகிவிடுகிறாள். பிறந்தாள் என்ற தடயம்கூட இல்லை. கல் கறுக்கும் நேரத்தில் வந்து பெண்களைக் கூட்டிப்போகும் ஒரு இளஞ்சிவப்புக் கருணை, அவ்வளவுதான் மிச்சம். பெற்ற அம்மாவுக்கே அவளைத் தெரியாது. குட்டித்தம்பி மட்டும் ஆற்றங்கரை மணலில் குச்சியால் ஒரு பெண்முகம் வரைகிறான்.

2011 மார்ச் 11 நிலநடுக்கத்துக்குப் பிறகு தொடரின் ஒளிபரப்பு நின்று, கடைசி இரண்டு அத்தியாயங்கள் ஏப்ரல் பின்பாதியில்தான் வந்தன. பேரலையில் அத்தனை பேரைப் பறிகொடுத்திருந்த நாட்டில், நகரத்தையே புரட்டிப்போடும் ராட்சதச் சூனியக்காரியையும், அதற்கப்புறம் அந்தப் பெண்ணின் தியாகத்தையும் ஜனங்கள் பார்த்தார்கள். 2004 டிசம்பரைக் கண்ட கடற்கரையிலிருந்து வருகிறவன் நான், அந்த முடிவு ஏன் ஆறுதலாக இருந்திருக்கும் என்று எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நானும் அழுதேன். அழுது முடித்ததும் ஒரு சின்ன முள் உறுத்தியது. இந்த ஆறுதல் யாருக்கு?

நம்மிடம் இதற்கு மகத்தான முன்மாதிரி ஒன்று இருக்கிறது. சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்தை நாம் பெரும்பாலும் சேரனின் படையெடுப்பாக, இமயத்துக் கல்லாக வாசித்து முடித்துவிடுகிறோம். எனக்கு அதில் நெஞ்சை அடைக்கும் இடம் வாழ்த்துக் காதை. புகாரிலிருந்து கண்ணகியைத் தேடி மூன்று பெண்கள் வருகிறார்கள்: செவிலித்தாய், அடித்தோழி, தேவந்தி. தேவந்தி சின்ன வயதிலிருந்து கூட இருந்தவள். அவர்கள் அரற்றுகிறார்கள், கண்ணகி தெய்வ உருவில் தோன்றுகிறாள். தோன்றி என்ன சொல்கிறாள்? பாண்டியன்மேல் குற்றமில்லை, நான் அவனுக்கு மகள் என்கிறாள். மதுரையை எரித்த பெண் பேசுகிற பேச்சா இது! தெய்வமானதும் அவள் முதலில் செய்வது தன் கணவனைக் கொன்ற அரசை விடுவிப்பது. கோயில் எழும்புகிறது, தேவந்தி அங்கே பூசைக்கு நிற்கிறாள். எல்லாருக்கும் நிம்மதி.

பெண்பிள்ளையைத் தெய்வமாக்குவதில் இந்த வசதி இருக்கிறது. கன்னி கோபப்படமாட்டாள். கன்னி நம்மைக் காப்பாள். விடிலியில் நடந்ததைப் பற்றிப் பேச்சு வந்தாலே ஆச்சி பெட்டியைப் பார்த்துக் கையெடுப்பாள், பேச்சு அங்கேயே நின்றுவிடும். ஆச்சியைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அந்தப் பெட்டி இல்லாவிட்டால் அவள் மிச்சமிருந்த 35 வருஷத்தை எதைப் பிடித்துக்கொண்டு ஓட்டியிருப்பாள்?

2013 அக்டோபரில் வந்த ‘ரெபெல்லியன்’, தேவந்தி பூசைக்கு நிற்க மறுத்தால் என்ன ஆகும் என்பதைப் பற்றிய படம்.

முந்தின வருஷம் வந்த இரண்டு படங்கள் தொடரைச் சுருக்கித் தந்தவை. மூன்றாவதான இதுதான் புதுக்கதை, கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். தொடங்கும்போது எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள். ஐந்து பெண்களும் சேர்ந்து நைட்மேர் எனும் சாதுவான பொம்மைப் பூதங்களை விரட்டுகிறார்கள், கேக் பாட்டுப் பாடுகிறார்கள், டீ குடிக்கிறார்கள். நாம் தொடரில் பார்க்க ஏங்கிய எல்லாம் தட்டில் வைத்துத் தரப்படுகிறது. தித்திப்பு கொஞ்சம் திகட்டும்போதே ஹோமுராவுக்குச் சந்தேகம் வருகிறது. அவளும் க்யோகோவும் பக்கத்து ஊருக்குப் பஸ் ஏறுகிறார்கள், எப்படிப் போனாலும் பஸ் திரும்ப இதே ஊருக்கே வருகிறது. கெகிடான் இனு கரி என்ற இருவர் அணி வடிவமைத்த, காகித வெட்டும் லேசுத் துணியும் பொத்தானுமாய் ஒட்டிச் செய்த உலகம் மெல்ல ஓரங்களில் கிழிகிறது. யாரோ ஒரு சூனியக்காரியின் கனவுக்குள் எல்லாரும் மாட்டியிருக்கிறார்கள். அந்தச் சூனியக்காரி யார் என்று தேடிப்போகும் ஹோமுரா, அது தான்தான் என்று கண்டுபிடிக்கிறாள். க்யூபே கூட்டம் அவள் கல்லைப் பிரித்தெடுத்து அடைத்து வைத்திருக்கிறது, கூட்டிப்போக வரும் தெய்வத்தைப் பிடித்து ஆராய. தெய்வத்தையும் உற்பத்திக் கணக்கில் சேர்க்கப் பார்க்கிறது!

இந்த நடுப்பகுதியில் படம் தடுக்குகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். க்யூபே நின்று விளக்கிக்கொண்டே போகிறது. இரண்டு தரம் பார்த்தும் எனக்குச் சில விளக்கங்கள் பிடிபடவில்லை. மாமிக்கும் ஹோமுராவுக்கும் நடக்கும் துப்பாக்கிச் சண்டை பிரமாதம், ஆனால் இயக்குநர்களுக்கு அதை முடிக்க மனசில்லை. யுகி கஜியுராவின் இசைதான் பல இடங்களில் கதையைக் கைப்பிடித்துக் கூட்டிப்போகிறது.

ஆனால் அந்தப் பூந்தோட்டக் காட்சி. எதுவும் நினைவில்லாத, சாதாரணப் பள்ளிப்பெண்ணான மடோகாவிடம் ஹோமுரா சொல்கிறாள்: நீ எங்கேயோ தூரமாகப் போய்விட்டதாகக் கனவு கண்டேன், எல்லாரும் உன்னை மறந்துவிட்டார்கள், நான் மட்டும்தான் வைத்திருக்கிறேன். கேட்டுக்கொண்டே மடோகா அவள் கூந்தலைப் பின்ன ஆரம்பிக்கிறாள். எல்லாரையும் விட்டுப் போக எனக்குத் தைரியம் வராது, அவ்வளவு துக்கத்தை என்னால் தாங்க முடியாது என்கிறாள்.

2020 ஊரடங்கில் ஊரில் இருந்தபோதுதான் படத்தைப் பார்த்தேன். திண்ணையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டிருந்தேன். பெரியத்தை பக்கத்தில் உட்கார்ந்து புளி ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் சின்னத்தைக்கு இரண்டு வயது மூத்தவள். அந்த வீட்டில் பெட்டியைக் கும்பிடாத ஒரே ஆள். பொங்கலுக்கு மறுநாள் படையல் நேரத்தில் கொல்லைப்பக்கம் போய்விடுவாள். யாராவது கூப்பிட்டால் ஒரே பதில்தான். “தெய்வமாம் தெய்வம். தெய்வமாவே இருக்கட்டும். வந்து எம்முன்னால உக்காந்து சடை பின்னச் சொல்லு பாப்போம்.” கிறுக்கச்சி என்று சொந்தத்தில் பெயர். புருஷன் வீட்டில் வாழாமல் திரும்பி வந்ததற்கும் அதையே காரணமாகச் சொன்னார்கள்.

“இந்தப் பிள்ள ஏன் இப்பிடி அழுவுதா, யாரு செத்தா?” என்று கேட்டாள்.

“சடை பின்னுதால்லா, அவதான்.”

“செத்தவளா பின்னுதா?”

நான் ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அடுப்பில் ஏதோ வைத்திருப்பதாகச் சொல்லி எழுந்து போனாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

ஹோமுரா ஏறக்குறைய நூறு முறை ஒரே மாதத்தைத் திரும்ப வாழ்ந்தவள், மடோகாவைச் சாகவிடாமல் தடுக்க. அவளுக்குக் கிடைத்த பலன் மடோகா தெய்வமானது. இந்தப் படத்தின் கடைசியில் தெய்வ மடோகா பல்லக்கு மாதிரி ஒளியில் இறங்கி அவளைக் கூட்டிப்போக வருகிறாள். பக்திக்கதையில் இது மோட்சம். ஹோமுரா அந்தக் கையைப் பிடிக்கிறாள், பிடித்தவள் விடவில்லை. தெய்வத்திலிருந்து அந்தப் பெண்ணை மட்டும் கிழித்து எடுக்கிறாள். தன் கல்லைப் பல்லால் கடித்து நொறுக்குகிறாள். தெய்வத்தைத் தொட்டவளுக்கு என்ன பெயர் உண்டோ அதைத் தானே சூட்டிக்கொள்கிறாள்: சாத்தான். இதற்கெல்லாம் காரணம் அன்பு என்கிறாள். அந்த நேரம் பெரியத்தை மறுபடி வந்து வாசற்படியில் நின்றிருக்கிறாள், நான் கவனிக்கவில்லை. “பிடிச்சிட்டா” என்று மட்டும் பின்னாலிருந்து கேட்டது.

படம் வந்தபோது ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். தொடரின் அழகான முடிவைப் பணத்துக்காகக் கெடுத்துவிட்டார்கள் என்பது ஒரு கட்சி. இதில் கொஞ்சம் உண்மையும் உண்டு: உரோபுச்சி முதலில் யோசித்த முடிவில் ஹோமுரா அமைதியாகக் கூட்டிப்போகப்படுகிறாள், கதை தொடர வேண்டும் என்று தயாரிப்புத் தரப்பும் ஷின்போவும் விரும்பியதால்தான் இந்த முடிவு வந்தது. அதனால் என்ன? வியாபாரக் கட்டாயம் சிலசமயம் ஒரு எழுத்தாளனை அவன் போக மறுத்த அறைக்குள் தள்ளிவிடுகிறது. அந்த அழகான முடிவின்மேல் ஒருத்தி சந்தேகப்பட வேண்டியிருந்தது. ஒரு பெண் எல்லாருடைய துக்கத்தையும் சுமந்துகொண்டு காணாமல் போனால்தான் உலகம் நடக்கும் என்றால், அந்த ஏற்பாட்டைப் புனிதம் என்று சொல்லி விழுந்து கும்பிடுவதா? ஹோமுரா விழவில்லை. இதற்காகவே இந்தப் படத்தைத் தொடருக்கு மேலாக வைப்பேன்.

ஆனால் ஹோமுராவை நான் முழுசாக மன்னிக்கவும் இல்லை. அவள் மடோகாவிடம் கேட்கவேயில்லை. நினைவு அழிக்கப்பட்ட ஒருத்தி பூந்தோட்டத்தில் சொன்ன இரண்டு வரியைச் சம்மதமாக எடுத்துக்கொள்கிறாள். எல்லாம் தெரிந்த மடோகா யோசித்து எடுத்த முடிவு ஒரு பக்கம், ஒன்றும் தெரியாத மடோகாவின் பயம் ஒரு பக்கம். இரண்டில் தனக்கு வேண்டியதை ஹோமுரா தேர்ந்துகொள்கிறாள். புது உலகத்தில் மடோகா அமெரிக்காவிலிருந்து திரும்பிவந்த மாணவி. ஒழுங்கு பெரிதா, ஆசை பெரிதா என்று ஹோமுரா கேட்கிறாள். ஒழுங்குதான், விதியை மீறுவது தப்பு என்கிறாள் மடோகா. அப்படியானால் ஒருநாள் நீயும் எனக்கு எதிரியாவாய் என்று சொல்லி, இத்தனை காலம் பத்திரமாக வைத்திருந்த சிவப்பு ரிப்பனை அவள் தலையிலேயே கட்டிவிடுகிறாள். இது தோற்றவளின் முகம். படம் இதை மறைக்கவில்லை. கடைசியில் பாதி நிலா, மலை விளிம்பில் ஒற்றை நாற்காலி, ஹோமுரா தனியாக ஆடிக்கொண்டே விளிம்பிலிருந்து சரிகிறாள்.

எனக்குப் படத்தின்மேல் இருக்கிற உண்மையான குறை இதுதான்: தெய்வமாக்கினாலும் திரும்ப இழுத்தாலும் மடோகா யாரோ ஒருவர் கையில்தான் இருக்கிறாள். அவளுக்கென்று அற்பமாக ஒரு ஆசை, ஒரு பிடிவாதம், ஒரு எரிச்சல் இந்தப் படத்தில் கிடையாது.

இதை யோசித்தபோதுதான் சின்னத்தையைப் பற்றி எனக்கும் ஒன்றும் தெரியாது என்பது உறைத்தது. கனவில் பாவாடை கேட்டதைத் தவிர அவள் பேசிய ஒரு வார்த்தைகூட வீட்டில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. பெரியத்தையிடம் கேட்டேன். சர்ச் திருவிழாவில் ராட்டு சுற்றக் காசு கொடுக்கவில்லை என்று அவள் இரண்டு நாள் யாரோடும் பேசாமல் இருந்திருக்கிறாள். கருப்பட்டி வாசனையே அவளுக்குப் பிடிக்காதாம், காப்பிக்குச் சீனிதான் வேண்டுமென்று சண்டை போடுவாளாம். பெரியத்தையின் முடி மெலிசு என்று கேலி செய்வாளாம். “ரொம்பத் திமிரு அவளுக்கு” என்றாள் பெரியத்தை.

ஆச்சி போய் நாலு வருஷமாகியிருந்தது. அம்மாவுக்கு முட்டுவலி. அடுத்த பொங்கலுக்குப் பாவாடை எடுக்கும் வேலை என்னிடம் வந்தது. தூத்துக்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் போய் நின்றேன். என்ன வயசுப் பிள்ளைக்கு என்று கடைப்பெண் கேட்டாள். பதிமூணு என்றேன். உயரமா, சின்னப் பிள்ளையா, அளவு சொல்லுங்க என்றாள். வெளியே வந்து பெரியத்தைக்குப் போன் போட்டேன். பெட்டி விஷயம் என்றதும் வைத்துவிடுவாள் என்று நினைத்தேன்.

“யாருக்கு? அவளுக்கா?” என்றவள், கொஞ்சம் இடைவெளி விட்டுச் சொன்னாள்: “எல்லா வருசமும் குட்டையாத்தான் எடுத்து வச்சிட்டிருக்காளுவ. அவ நல்ல வளத்தி. என்னைய விட ஒரு பிடி கூட. பெருசா எடு. அப்புறம், பச்சை எடுக்காத, அவளுக்குப் பிடிக்காது.”